அர்பன் ஃபேண்டசி காதல் நாவல்: ஐந்தில் எதை முதலில் எடுப்பது?

ரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும் சூனியக்காரியும் நம்மைப் போலவே வாடகை கட்டிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு வாழும் ஊரில் ஒரு காதல் கதை. அர்பன் ஃபேண்டசி ரொமான்ஸ், அதாவது நகரத்து மாயக் காதல் என்ற பெயரில் வரும் நாவல்களின் அடிப்படை இவ்வளவுதான். உள்ளே நுழைய நினைப்பவருக்குத் தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. எதைத் தொட்டாலும் தொடர். சார்லெயின் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் கதை 13 நாவல்களில் முடிகிறது. இலோனா ஆண்ட்ரூஸின் கேட் டேனியல்ஸ் கதை முதன்மை வரிசையில் மட்டும் 10 நாவல்கள். தவறான இடத்தில் ஆரம்பித்தவர்கள் பாதியில் எரிச்சலடைந்து, ‘இதெல்லாம் நமக்கு ஒத்துவராது’ என்று மொத்த வகையையும் ஒதுக்கிவிடுகிறார்கள்.

அதனால் ஐந்து நாவல்களை எடுத்துக்கொள்கிறேன். எம்மா புல் எழுதிய ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ (1987), ஹாரிஸின் ‘டெட் அன்டில் டார்க்’ (2001), பட்ரிஷியா பிரிக்ஸின் ‘மூன் கால்ட்’ (2006), இலோனா ஆண்ட்ரூஸின் ‘மேஜிக் பைட்ஸ்’ (2007), டெபோரா ஹார்க்னெஸின் ‘எ டிஸ்கவரி ஆஃப் விட்ச்சஸ்’ (2011). முதலாவது தனி நாவல், மற்ற நான்கும் தொடர்களின் முதல் புத்தகங்கள். காட்டேரிக் காதல் கதையான ‘ட்வைலைட்’டைச் சேர்க்கவில்லை. படமாகவாவது பலர் பார்த்துவிட்டார்கள், பார்த்த கையோடு ஒரு முடிவுக்கும் வந்திருப்பார்கள்.

தரம் பார்க்க நான் கேட்பது முக்கியமாக ஒரே கேள்வி: காதலர்கள் நடுவே நிற்கும் தடை எங்கிருந்து வருகிறது? அந்த உலகத்து மாயத்திலிருந்து வர வேண்டும். மாயத்தை நீக்கினால் தடையும் மறைந்துபோக வேண்டும். இருவரும் உட்கார்ந்து அஞ்சு நிமிஷம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துபோகிற பிணக்கை நானூறு பக்கத்துக்கு இழுத்தால், காட்டேரிப் பல்லும் ஓநாய் முடியும் வெறும் வேஷம். இதற்கு அடுத்து ஊர். கதை நடக்கும் ஊரை மாற்றி வேறொரு ஊர்ப் பெயரைப் போட்டாலும் ஒரு வரிகூடக் கெடாது என்றால் அங்கே ‘அர்பன்’ எதற்கு? கடைசியாக, முதல் புத்தகத்தை முடித்ததும் நிம்மதியாகக் கீழே வைக்க முடிகிறதா என்பதையும் பார்க்கிறேன்.

முதல் கேள்விக்கு மிகச் சிறந்த பதில் ‘டெட் அன்டில் டார்க்’கில்தான் இருக்கிறது. லூசியானா மாநிலத்தில் போன் டெம்ப்ஸ் என்ற கற்பனைச் சிற்றூர். சூக்கி அங்கே ஒரு மதுக்கடையில் பரிமாறும் பெண். பிறர் மனதில் ஓடுவது அவளுக்குக் கேட்கும். இதை வரம் என்று யாராவது நினைத்தால் அவளிடம் கேட்க வேண்டும். எதிரே உட்கார்ந்து சிரிக்கும் ஆண் உள்ளுக்குள் என்ன நினைக்கிறான் என்பது ஒவ்வொரு நொடியும் காதில் விழுந்தால் எந்தப் பெண்ணால் காதலிக்க முடியும்? அப்போது கடைக்குள் வருகிறான் பில் காம்ப்டன். ரத்தக்காட்டேரி. ஜப்பானில் செயற்கை ரத்தம் கண்டுபிடிக்கப்பட்டதால் காட்டேரிகள் ஒளிவதை விட்டுவிட்டு வெளிப்படையாக வாழத் தொடங்கியிருக்கும் காலம். அவன் மனதிலிருந்து அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. முழு அமைதி. அவள் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆணின் பக்கத்தில் உட்கார்ந்து ஓய்வெடுக்க முடிகிறது.

இந்த வகை நாவல்களில் இதைவிடக் கச்சிதமான காதல் காரணத்தை நான் பார்த்ததில்லை. அழகு, பணம், ‘உன் ரத்தத்தின் வாசனை’ என்று மற்றவர்கள் தடுமாறும் இடத்தில், மௌனத்துக்காக ஒருத்தி காதலிக்கிறாள். அதே மௌனம்தான் ஆபத்தும். எல்லோர் மனதையும் படிப்பவளுக்கு, தான் நம்ப வேண்டிய ஒருவன் மனம் மட்டும் தெரியாது.

பலவீனம் பில்தான். காரணம் நன்றாக இருக்கிறது, ஆள் சப்பென்று இருக்கிறான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்குப் படைக்காகச் சண்டையிட்டவன் என்பதை ஊர்ப் பெரியவர்கள் பெருமையாகக் கேட்டு ரசிக்கிறார்கள். அடிமை முறையைக் காக்கத் துப்பாக்கி தூக்கிய படை அது என்பது நாவலை அவ்வளவாக உறுத்தவில்லை, இன்று படிக்கும்போது நம்மை உறுத்துகிறது. ஊரும் நகரம் அல்ல, கிராமத்துக்கு ஒரு படி மேல், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஊரை வேறெங்கும் தூக்கி வைக்க முடியாது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் ஊரில்தான் மனம் படிக்கும் பெண்ணுக்கு மூச்சு முட்டும். காட்டேரிகளோடு பழகும் பெண்கள் கொலையாவதைச் சுற்றி ஓடும் துப்பறியும் கதையும் முதல் புத்தகத்திலேயே முடிந்துவிடுகிறது. சூக்கியின் பேச்சு நடை, நகைச்சுவை, எளிய ஆங்கிலம் மூன்றும் சேர்ந்து இதை வேகமாக ஓட்டிச் செல்லும். சரியாக உருமாறாமல் மந்தமாகிப்போன ஒரு பழைய பாடகர் காட்டேரியாக வந்து போகிறார். உண்மைப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை, படிப்பவருக்கு ஒரே நிமிடத்தில் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அந்தக் குறும்பு ஹாரிஸுக்கே உரியது.

தொடராகப் பார்த்தால்தான் தயக்கம். 2013-ல் வந்த கடைசி நாவலில் சூக்கி யாரோடு சேர்ந்தாள் என்பதற்காக வாசகர்களில் பலர் கொதித்துப்போனார்கள். அந்த முடிவு எனக்குச் சரியாகவே பட்டது. ஆனால் அதற்கு முந்தைய சில புத்தகங்களில் புதிது புதிதாக மாய இனங்கள் வந்து குவிந்து, போன் டெம்ப்ஸின் வெக்கையும் வம்பும் காணாமல் போனது உண்மை. இந்தக் கதையை வைத்து ‘ட்ரூ பிளட்’ என்று 2008 முதல் 2014 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: நாவல் அதைவிட மென்மையானது, சிரிப்பும் அதிகம்.

‘மூன் கால்ட்’ வேறு தினுசு. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பக்கம், மழையும் பச்சையும் இல்லாத வறண்ட நிலத்தில், கொலம்பியா ஆற்றங்கரையில் கென்னவிக், பாஸ்கோ, ரிச்லாண்ட் என்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள். ட்ரை-சிட்டீஸ் என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணுகுண்டுக்கான புளூட்டோனியம் தயாரித்த ஹான்ஃபோர்டு வளாகம் பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றுலாக் கையேட்டில் யாரும் தேடாத இந்த ஊரில் மெர்சி தாம்சன் கார் மெக்கானிக். பழைய ஃபோக்ஸ்வாகன் வண்டிகளைச் சரிபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறாள். கொயோட்டி என்னும் சிறு காட்டு நாயாக உருமாறத் தெரிந்தவள். ஓநாய் மனிதர்கள் நடுவே வளர்ந்தவள், ஆனால் அவர்களில் ஒருத்தி அல்ல.

இந்த ‘ஆனால்’ எல்லாவற்றையும் நகர்த்துகிறது. பதினாறு வயதில் அவள் காதலித்த சாமுவேல், ஓநாய்த் தலைவரின் மகன், அவளை மணக்க விரும்பியதற்கு ஒரு கணக்கு இருந்தது. ஓநாய்ப் பெண்களால் கருவைத் தாங்க முடியாது, உருமாற்றம் கருவைக் கொன்றுவிடும். மனிதப் பெண்களோடு பிறக்க வேண்டிய குழந்தைகளிலும் பல தங்குவதில்லை. உருமாறத் தெரிந்தும் ஓநாய் அல்லாத மெர்சி வயிற்றில் பிள்ளைகள் தங்கலாம். தன்னை விரும்பினானா, தன் கருப்பையை விரும்பினானா என்ற கேள்வியோடு அவள் ஊரைவிட்டு வருகிறாள். பல வருடம் கழித்து இந்த நாவலில் அதே சாமுவேல் மறுபடி அவள் வாழ்க்கைக்குள் வருகிறான். பக்கத்து மனையில் ஆடம் ஹாப்ட்மேன், அந்த வட்டார ஓநாய்க் கூட்டத்தின் தலைவன், எல்லாவற்றையும் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவன். தடை எங்கிருந்து வருகிறது என்ற சோதனையில் இதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

ஆடம் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும்படி மெர்சி தன் இடத்தில் துருப்பிடித்த ஒரு பழைய காரை நிறுத்தி வைத்திருக்கிறாள். அவன் அதிகாரம் எல்லை மீறும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு உறுப்பைக் கழற்றி இன்னும் அசிங்கமாக்குவாள். ஓநாய்க் கூட்டத் தலைவனை எதிர்த்து நிற்க அவளுக்கு உடல் வலிமை கிடையாது. துருப்பிடித்த கார் இருக்கிறது. இந்த வகையில் வரும் ‘வீரப் பெண்’ பாத்திரங்கள் பலருக்கும் கத்தி சுழற்றுவதும் கிண்டல் பேசுவதும்தான் குணம் என்று நினைப்பு. மெர்சிக்குத் தொழில் இருக்கிறது, வாடிக்கையாளர் இருக்கிறார்கள், மாதக் கடைசி இருக்கிறது.

குறைகளும் உண்டு. கடைசிக் கால் பங்கில் வில்லன் யார், எதற்காகச் செய்தான் என்பது சிக்கலாகிவிடுகிறது. கவனமாகப் படித்தாலும் அந்தக் காரணம் மனதில் ஒட்டாது. ஓநாய்க் கூட்டத்தில் யார் யாருக்கு மேலே, யார் கண்ணை யார் பார்க்கக் கூடாது என்ற விளக்கங்கள் பாடம் நடத்துவதுபோல் வருகின்றன. காதல் முதல் புத்தகத்தில் ஒரு முடிவுக்கும் வராது. முத்தத்துக்குக் காத்திருப்பவர்கள் பொறுமையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடத்தல், கொலை, தேடல் எல்லாம் இந்தப் புத்தகத்துக்குள்ளேயே முடிந்துவிடும், தொங்கலில் விடமாட்டார் பிரிக்ஸ். தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை அவசியம்: 2008-ல் வந்த மூன்றாவது நாவல் ‘அயர்ன் கிஸ்ட்’டில் மெர்சி மீது பாலியல் வன்முறை நிகழ்கிறது. அதன் பின்விளைவை ஆசிரியர் அக்கறையோடு எழுதியிருக்கிறார் என்பது என் கருத்து. எனினும் தெரியாமல் போய் அதில் மோதிக்கொள்ள வேண்டாம்.

‘மேஜிக் பைட்ஸ்’ பற்றி அதன் ரசிகர்களே சொல்வது, ‘முதல் புத்தகத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்’ என்பதுதான். இலோனா ஆண்ட்ரூஸ் என்பது கணவன் மனைவி இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். அவர்கள் படைத்த அட்லாண்டாவுக்கு ஈடு இந்த ஐந்தில் இல்லை. அங்கே மாயமும் தொழில்நுட்பமும் முறை வைத்து வருகின்றன. மாய அலை அடித்தால் துப்பாக்கி சுடாது, விளக்கு எரியாது. அலை வடிந்தால் மந்திரம் பலிக்காது, கார் ஓடும். உயர்ந்த கட்டடங்களை மாயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று நகரம் இடிபாடாகிக் கிடக்கிறது. எப்போது மின்சாரம் போகும் என்று தெரியாமல் வாழ்ந்து பழகியவர்களுக்கு இந்த உலகம் சட்டென்று பிடிபட்டுவிடும். காட்டேரிகள்கூட இங்கே அழகிய ஆண்கள் இல்லை. மூளையற்ற பிணங்கள், தூரத்திலிருந்து மந்திரவாதிகள் அவற்றை ஓட்டுகிறார்கள்.

கூலிக்கு வாள் வீசும் கேட்டுக்கும், உருமாறிகளின் தலைவனான சிங்க மனிதன் கரனுக்கும் இடையிலான முதல் சந்திப்பு சிரிப்பை வரவழைக்கும். இருட்டில் பதுங்கியிருக்கும் அவனை அவள் பூனையைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறாள். ஆனால் அதைத் தாண்டி முதல் புத்தகத்தில் காதல் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை. கேட் யாரிடமும் நெருங்கக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் அவள் ரத்தத்தில் இருக்கிறது. அது என்னவென்று முதல் நாவல் தெளிவாகச் சொல்லாததால் அவள் முரட்டுத்தனம் மட்டுமே நமக்குத் தெரிகிறது. மூன்றாவது நாவல் ‘மேஜிக் ஸ்ட்ரைக்ஸ்’ (2009) வந்தபிறகுதான் தொடர் உண்மையில் நிமிர்கிறது. மூன்றாவது புத்தகத்துக்காக இரண்டு புத்தகம் பொறுப்பீர்கள் என்றால் எடுங்கள். காதலுக்காக வருபவருக்கு இது முதல் படி அல்ல.

‘எ டிஸ்கவரி ஆஃப் விட்ச்சஸ்’ மேல் எனக்கு ஆசையும் கோபமும் கலந்தே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் டயானா பிஷப் என்ற வரலாற்றுப் பேராசிரியை ரசவாதச் சுவடி ஒன்றை வரவழைக்கிறாள். சுவடியின் எண் ஆஷ்மோல் 782. அதைத் திறந்த கணத்திலிருந்து நூலகத்தின் மேசைகளில் சூனியக்காரர்களும் காட்டேரிகளும் டீமன்கள் என்னும் இன்னொரு மாய இனத்தாரும் வந்து உட்காரத் தொடங்குகிறார்கள். ஹார்க்னெஸ் தாமே அறிவியல் வரலாற்று ஆய்வாளர். சுவடி கேட்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பது, காத்திருப்பது, தோலட்டையின் வாசனை எல்லாம் அனுபவித்தவர் எழுதியவை என்பது வரிக்கு வரி தெரிகிறது. நூலகத்தில் அமைதியாகப் படிக்க விடாமல் நாலு பேர் முறைத்துக்கொண்டிருப்பதை இவ்வளவு பதற்றத்தோடு வேறு யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

காதலுக்கான தடையும் கச்சிதம். இனம் விட்டு இனம் கலக்கக் கூடாது என்று பழைய உடன்படிக்கை, அதை நிறைவேற்ற ஒரு சபை. காட்டேரியான மேத்யூ கிளேர்மாண்டை டயானா விரும்பினால் அவளுடைய சொந்த இனமே எதிராக நிற்கும். சாதி மாறிக் காதலித்தவர்களை ஊரே துரத்துவதைச் செய்தியில் படிக்கும் நமக்கு இந்த உடன்படிக்கை அவ்வளவு கற்பனையாகத் தோன்றாது.

கோபம் எங்கே என்றால், ஆக்ஸ்ஃபோர்டைவிட்டு பிரான்சில் உள்ள மேத்யூவின் கோட்டைக்குக் கதை நகர்ந்ததும் டயானா சுருங்கிவிடுகிறாள். தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், டீ குடிக்கிறாள், பாதுகாக்கப்படுகிறாள். மேத்யூ முடிவுகளை எடுத்துவிட்டு அப்புறம் சொல்கிறான். நம்மூர் இணைய நாவல்களில் ‘ஆன்டி ஹீரோ’ கதைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இவன் புதிய ஆள் இல்லை. கட்டளையை அக்கறை என்று எடுத்துக்கொள்ளும் அதே ஏற்பாடு, கையில் நல்ல ஒயின் குப்பி, அவ்வளவுதான் வித்தியாசம். போதாக்குறைக்கு, ஐந்நூறு பக்கத்துக்கு மேல் படித்த பிறகு நாவல் முடியாமல் அடுத்த புத்தகத்துக்குள் குதிக்கிறது. 2012-லும் 2014-லும் வந்த இரண்டு பாகங்களையும் படித்தால்தான் ஆரம்பித்த கதை நிறைவாகும். ஆங்கிலமும் மற்றவற்றைவிடக் கனமானது.

ஆதிக்கம் செலுத்தும் நாயகனே உங்களுக்கு வேண்டும் என்றால், அதை மழுப்பாமல் எழுதும் நாவல் நளினி சிங்கின் ‘ஏஞ்சல்ஸ் பிளட்’ (2009). அவர் ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். நியூயார்க்கை ஆளும் தேவதூதன் ராஃபேல், தொடக்கத்திலேயே தன் மன சக்தியால் நாயகியின் கையைக் கத்தியின் கூர்முனைமேல் இறுக மூடவைக்கிறான். அந்தக் காட்சியைத் தாண்ட முடிந்தவர்களுக்கு மேலே படிக்க நிறைய இருக்கிறது. என்னால் அவனை அதற்குப் பிறகு காதலனாக ஏற்க முடியவில்லை, அதனால்தான் ஐந்தில் சேர்க்கவில்லை.

‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. இன்றைக்கு இந்த வகையில் பழகிப்போன பல விஷயங்கள் அதில் புதிதாக நடக்கின்றன. மினியாபோலிஸ் நகரில் எடி மெக்கேண்ட்ரி என்ற ராக் பாடகி. இசைக்குழு உடைந்து, காதலனையும் கைகழுவிவிட்டு நடுத்தெருவில் நிற்கும் இரவில் ஃபே என்னும் மாய இனத்தாரின் போருக்குள் இழுக்கப்படுகிறாள். சாகாதவர்கள் போரிட்டால் யாரும் சாக மாட்டார்கள், போருக்குப் பொருளே இருக்காது. களத்தில் ஒரு மனிதப் பிறவி இருந்தால்தான் அவர்களுக்கு மரணம் சாத்தியம். அதற்காக அவளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவள் உயிரோடு போர்க்களம் வந்து சேர வேண்டும் என்று காவலுக்கு ஒருவனை வைக்கிறார்கள்: நாயாகவும் மனிதனாகவும் மாறும் பூக்கா. வீட்டுக்குள் நுழைந்து போகமாட்டேன் என்கிறான், வாய் ஓயாமல் பேசுகிறான், காபி போட்டுத் தருகிறான்.

அவளைச் சாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே அவளைக் காப்பாற்றுகிறவன் அவன். இருவருக்கும் இடையில் எது வளர்ந்தாலும் இந்த உண்மைக்கு மேலேதான் வளர வேண்டும். காதல் கடைசியில் யாரிடம் போய் நிற்கும் என்பதை முதல் பாதியில் சொல்லிவிட முடியாது, அதுவும் நல்லதுக்குத்தான். முதல் போர் நகருக்குள்ளேயே இருக்கும் மின்னஹாஹா அருவிப் பக்கம் நடக்கிறது. ஊர்க்காரர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும் இடம். பிரின்ஸ் போன்ற இசைக்கலைஞர்களால் மினியாபோலிஸ் பெயர் வாங்கிய எண்பதுகளில் எழுதப்பட்டதால், மேடையும் ஒலிபெருக்கியும் ஒத்திகையும் கதைக்கு வெறும் திரைச்சீலையாக இல்லை. இசையே ஆயுதமாகிறது.

குறை சொல்ல வேண்டுமென்றால் உடைகள். யார் என்ன ஜாக்கெட் போட்டிருந்தார்கள், கைச்சட்டையில் என்ன சரிகை என்று பக்கம் பக்கமாக வருகிறது. எண்பதுகளின் மோகம் இல்லாதவர்கள் வேகமாகத் தாண்டிப் போகலாம். தீய அரசி தீயவள் என்பதற்கு மேல் ஆழமில்லை. புதிய இசைக்குழு கூடிய உடனேயே அற்புதமாக வாசிப்பதையும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது, மாயம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டும். ஆனால் புத்தகம் முடிகிறது. முழுதாக முடிகிறது, அடுத்த பாகம் கிடையாது.

ஒரே ஒரு நாவல் படித்துப் பார்க்கிறேன், பிடித்தால் மேலே பார்க்கலாம் என்பவர் ‘வார் ஃபார் தி ஓக்ஸ்’ எடுக்கலாம். தொடருக்குத் தயாராக இருப்பவர் ‘மூன் கால்ட்’. சூக்கியைவிட மெர்சியை முன்னால் வைப்பதற்குக் காரணம், முதல் புத்தகத்தின் தரம் அல்ல. அதில் சூக்கியே ஒரு படி மேல். பத்தாவது புத்தகம் போகும்போது சூக்கியின் ஊர் தேய்ந்துவிடுகிறது, மெர்சியின் ஊர் வளர்ந்துகொண்டே போகிறது. தொடரில் முதலீடு செய்வது வருடக்கணக்கில் என்பதால் அந்தக் கணக்கு முக்கியம். ஆங்கில நாவல் படிப்பதே புதிது என்பவர் மட்டும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ‘டெட் அன்டில் டார்க்’ ஒன்றைப் படித்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஹார்க்னெஸை நூலகப் பிரியர்கள் கோட்டைக்குப் போகும் வரை படிக்கலாம். அதற்கு மேல் போவதா என்பது மேத்யூவை எவ்வளவு நேரம் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதைப் பொறுத்தது.